கரைப்பட்டினங்களின் பழைய செப்புத்தகட்டுக் காட்சிகளைப் படிப்பது எப்படி: சோழமண்டலத்தையும் யாழ்ப்பாணத்தையும் முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், ஐரோப்பிய அச்சகங்கள் உலக நகரங்களின் தோற்றங்களைச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டு விற்றன. கொலோன், பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லண்டன் ஆகிய ஊர்களில் வளர்ந்த இந்தத் தொழிலில் நம் கரைப்பட்டினங்களுக்கும் இடம் இருந்தது. நாகப்பட்டினம், பழவேற்காடு, சாந்தோம், சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஒரு நீண்ட வரிசையையே இந்தத் தாள்களில் காணலாம். இன்று அவை விடுதிச் சுவர்களில் சட்டமிடப்பட்டும், "1754ஆம் ஆண்டின் மதராஸ்" என்பது போன்ற ஒற்றை வரிக் குறிப்புடன் கைப்பேசிகளில் பகிரப்பட்டும் நம் கண்ணில் படுகின்றன.

அந்த ஒற்றை வரிக் குறிப்பு பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச் செல்கிறது. ஒரு செப்புத்தகட்டுக் காட்சிக்கு மூன்று காலங்கள் உண்டு: ஊர் அவ்வாறு இருந்து யாரோ அதை வரைந்த காலம் ஒன்று; அந்த வரைபடத்தைப் பார்த்து வேறொருவர் தகட்டை வெட்டிய காலம் இரண்டு; நம் கையில் உள்ள தாள் அந்தத் தகட்டிலிருந்து அச்சாகி வெளிவந்த காலம் மூன்று. இவற்றுக்கிடையே இருபது, நாற்பது, சில வேளைகளில் நூறு ஆண்டுகள்கூட இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் கோட்டைகள் இடிந்திருக்கலாம், கொடிகள் மாறியிருக்கலாம், ஒரு பேட்டையே இல்லாமல் போயிருக்கலாம். மூன்றையும் பிரித்தறியும் வழியைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அசல் தாளை வைத்திருப்பவருக்கும், நூலகங்கள் இணையத்தில் ஏற்றியுள்ள மின்படிமத்தை மட்டும் பார்ப்பவருக்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

படி 1: அச்சு முறையை அடையாளம் காணுதல்

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய வில்லையே போதும். செப்புத்தகட்டில் உளியால் வெட்டிய கோடு, தொடங்கும் இடத்தில் ஊசிமுனைபோல் மெலிந்து, நடுவில் பருத்து, முடியும் இடத்தில் மீண்டும் கூராகும். அமிலத்தால் அரித்து உருவாக்கும் எச்சிங் கோடு அப்படி இராது. அதன் தடிப்பு ஒரே சீராக இருக்கும், முனை மழுங்கியிருக்கும், கை இயல்பாக வளைந்து சென்ற தடம் தெரியும். நகரக் காட்சிகளில் இரண்டும் கலந்தே வரும். வானத்தையும் கடலையும் உளியாலும், மரங்களையும் மனிதர்களையும் அமிலத்தாலும் செய்வது பல பட்டறைகளின் வழக்கமாக இருந்தது.

கோடுகளே இல்லாமல் மென்மையான சாம்பல் நிறப் பரப்பாகத் தெரிந்து, வில்லையின் கீழ் நுண்ணிய மணல் துகள்போல் பிரிந்தால் அது அக்வாடின்ட். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. க்ரேயான் கோடுபோல் சொரசொரப்பாக இருந்து தகட்டின் அழுத்தத் தடம் இல்லாவிட்டால் அது கல்லச்சு. கல்லச்சு முறை 1790களின் இறுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அத்தகைய தாள் பதினெட்டாம் நூற்றாண்டினது என்று யார் சொன்னாலும் ஐயப்பட வேண்டும். வரிசை வரிசையாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால நகல். மேற்கொண்டு ஆராய அதில் எதுவும் இல்லை.

செப்புத்தகட்டின்மேல் ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தும்போது படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதியும். தாளின் பின்புறத்தைச் சாய்வான ஒளியில் பிடித்துப் பார்த்தால் இந்தத் தடம் தெளிவாகத் தெரியும். ஓரம் வெட்டப்பட்ட தாளில் அது இராது. அதனால் தடம் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 2: ஓரத்து எழுத்துகளைப் படித்தல்

படத்தின் கீழோரத்தில் பொடி எழுத்தில் சில லத்தீன் சொற்கள் சுருக்கமாக இருக்கும். பெயரை அடுத்து "டெல்" அல்லது "டெலின்" என்றிருந்தால் அவர் வரைந்தவர். "பின்க்ஸ்" என்றால் ஓவியம் தீட்டியவர். "ஸ்கல்ப்" அல்லது "ஸ்க்" என்றால் தகட்டை வெட்டியவர். "எக்ஸ்க்" என்றால் வெளியிட்டவர். வரைந்தவர் பெயர் இல்லாமல் வெட்டியவர் பெயர் மட்டும் இருப்பது, வேறொரு படத்தைப் பார்த்துச் செய்தது என்பதற்கு நல்ல அறிகுறி.

வெளியீட்டாளரின் பெயரும் முகவரியும் மூன்றாம் காலத்தைப் பிடிக்க உதவும். ஒரு தகடு நல்ல சொத்து. வெளியீட்டாளர் இறந்தாலோ கடையை விற்றாலோ தகடுகள் அடுத்தவர் கைக்குப் போகும், அவர் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரைப் பொறித்து மீண்டும் அச்சிடுவார். லண்டன் பிளீட் தெருவில் ராபர்ட் சேயர் சேர்த்து வைத்திருந்த தகடுகள் 1794இல் லாரி, விட்டில் என்ற இருவரிடம் சென்றன; அவர்கள் ஏராளமான பழைய தகடுகளில் "1794 மே 12" என்ற ஒரே நாளைப் பொறித்தார்கள். அந்தத் தேதியைப் பார்த்து அது 1794இன் ஊர்த்தோற்றம் என்று எழுதியவர்கள் பலர்.

படி 3: தாள் எந்த நூலிலிருந்து பிரிந்தது என்று கண்டறிதல்

நகரக் காட்சிகளில் பெரும்பாலானவை தனித்தாள்களாக விற்கப்பட்டவை அல்ல. நூல்களில் மடித்து வைத்துத் தைக்கப்பட்டிருந்து, பின்னாளில் வணிகர்களால் பிரித்தெடுக்கப்பட்டவை. நடுவில் மடிப்புக்கோடு, மேல்மூலையில் பக்க எண், பின்புறத்தில் அச்சிட்ட உரை ஆகிய மூன்றும் நூலைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வகையின் தாய்நூல் என்று சொல்லத் தக்கது, கொலோன் நகரில் கியோர்க் பிரவுன் தொகுத்து, பிரான்ஸ் ஹோகன்பெர்க் தகடு வெட்டத் தொடங்கி, 1572 முதல் 1617 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த நகரக் காட்சித் தொகுப்பு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகள் அதில் உண்டு. முதல் தொகுதியிலேயே கோழிக்கோட்டின் காட்சி வந்துவிட்டது. அதே தாளின் கீழ்ப்பகுதியில் ஹோர்முஸ், கண்ணனூர், மேற்கு ஆப்பிரிக்காவின் எல்மினா மூன்றும் சிறு கட்டங்களாக இருக்கின்றன. இந்த நான்கையும் ஒரே தாளில் சேர்த்தது போர்த்துக்கீசியரின் கடல்வழி என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தாளின் செய்தி எங்கிருந்து கொலோனுக்கு வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் பின்பக்க உரை மாறி மாறி வரும். மொழியையும் பக்க எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் பதிப்பைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

தமிழ் நிலப்பகுதிக்கு இதைவிட முக்கியமானது பிலிப்பஸ் பால்டேயஸ் எழுதி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான மலபார், சோழமண்டலம், இலங்கை பற்றிய பெருநூல். டெல்ப்ட் நகரில் பிறந்த இந்தப் பாதிரியார் 1658இல் டச்சுப் படையுடன் யாழ்ப்பாணத்துக்கு வந்து 1665 வரை அங்கே பணியாற்றியவர். நேரில் பார்த்தவர் எழுதிய நூல் என்பதால் அதன் காட்சிகளுக்கு மதிப்பு அதிகம். குறிப்பாக, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, அச்சுவேலி முதலிய ஊர்களின் தேவாலயங்களைத் தனித்தனித் தகடுகளாக வெட்டிச் சேர்த்திருப்பது வேறெந்த நூலிலும் காண முடியாத வளம். போர்த்துக்கீசியர் வகுத்த கோயிற்பற்றுகளை, அதாவது தேவாலயம் ஒவ்வொன்றையும் சார்ந்த ஊர்ப்பிரிவுகளை, டச்சுக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டு, தேவாலயங்களைப் பள்ளிக்கூடங்களாகவும் நடத்திய வரலாற்றுக்கு இத்தகடுகளே கண்ணுக்குத் தெரியும் சான்று. தமிழ் நெடுங்கணக்கையும் இந்நூல் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டிருக்கிறது.

அடுத்து பிரான்சுவா வாலன்டைன் 1724 முதல் 1726 வரை வெளியிட்ட கிழக்கிந்தியப் பெருநூலைச் சொல்ல வேண்டும். அவர் நெடுங்காலம் இருந்தது இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்போன் தீவில். சோழமண்டலத்தையும் இலங்கையையும் பற்றிய பகுதிகளை டச்சுக் கம்பெனியின் ஆவணங்களையும் வரைபடங்களையும் கொண்டே தொகுத்தார். ஆகவே அவருடைய தாள்களில் முதற்காலத்துக்கும் இரண்டாங்காலத்துக்கும் உள்ள இடைவெளி ஊருக்கு ஊர் வேறுபடும்.

படி 4: ஊரின் பெயரை உறுதிசெய்தல்

இதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் தவிர்க்கவும் கூடாது. பலியகட்டா என்பது பழவேற்காடு. சட்ராஸ்பட்நாம் என்பது சதுரங்கப்பட்டினம். தெகெனபட்நாம் என்பது கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம். போர்ட்டோ நோவோ என்பது பரங்கிப்பேட்டை. டிரான்க்பார் என்பது தரங்கம்பாடி. கோட்டைப் பெயர் இருந்தால் இன்னும் உறுதி: கெல்ட்ரியா என்றால் பழவேற்காட்டின் டச்சுக் கோட்டை, டான்ஸ்போர்க் என்றால் தரங்கம்பாடியின் டேனியக் கோட்டை. விற்பனைப் பட்டியல்களில் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் நீர்கொழும்புக்கும் குழப்பம் நேர்வதுண்டு. இரண்டின் ஐரோப்பிய எழுத்துவடிவமும் ஒரே மாதிரி தொடங்குவதே காரணம்.

படி 5: ஓவியர் எங்கே நின்றார் என்று கேட்டல்

ரைன் நதிக்கரை ஊரை வரைந்தவர் எதிர்க்கரைக் குன்றில் ஏறி நின்று வரையலாம். சோழமண்டலக் கரையில் அப்படி ஒரு குன்று கிடையாது. ஆகவே நம் பட்டினங்களின் காட்சிகள் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்ட கப்பலின் தளத்திலிருந்து பார்த்தவை: கீழே கடல், முன்னால் கப்பல்கள், நடுவில் மெல்லிய கரைக்கோடு, அதன்மேல் மதிலும் கூம்பும் கொடிமரமும், மேலே பாதித்தாளை அடைக்கும் வானம். மாலுமிக்கு வேண்டியது அடையாளக் கோபுரமும் நங்கூரம் பாய்ச்சும் இடமும். எனவே அவை பெரிதாகவும் துல்லியமாகவும் இருக்கும். கோட்டைக்குப் பின்னால் மக்கள் வாழ்ந்த தெருக்கள் ஒன்றிரண்டு கூரைகளாகச் சுருங்கிவிடும். இக்காட்சிகளில் ஊர் வெறுமையாகத் தெரிவதற்கு, நின்ற இடமும் பார்த்தவரின் தேவையுமே காரணம். மக்கள்தொகையைப் பற்றி அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த காட்சிகள் கணிப்பால் ஆனவை. கோட்டை அளவையாளரின் தரைப்படத்தை எடுத்து, அதன்மேல் வீடுகளை நிறுத்தி வைப்பார்கள். அவற்றில் தெருக்களின் அமைப்பை நம்பலாம். வீடுகளின் எண்ணிக்கையை நம்பக் கூடாது.

படி 6: கட்டடங்களைக் கொண்டு காலத்தைப் பிடித்தல்

வழிகாட்டியின் மையப்பகுதி இதுதான். ஓர் ஊரின் கட்டட வரலாற்றில் ஐயமற்ற ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, காட்சியில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இருப்பது, இதற்குப் பின் என்று சொல்லும்; இல்லாதது, இதற்கு முன் என்று சொல்லும். இரண்டில் முன்னதே வலுவான சான்று, ஏனெனில் ஓவியர் ஒன்றை விட்டுவிட ஆயிரம் காரணம் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை நாற்கோணமானது. 1658 மார்ச்சில் தொடங்கிய டச்சு முற்றுகை ஜூனில் முடிந்து கோட்டை கைமாறியது. வென்றவர்கள் பழைய கோட்டையை உடனே இடித்துவிடவில்லை. 1680 அளவில்தான் இன்று நாம் காணும் ஐங்கோணக் கோட்டை எழுந்தது. அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் டச்சு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். கோட்டைக்குள் சிலுவை வடிவத் தேவாலயம் 1706இல் கட்டப்பட்டது. அகழிக்கு அப்பாலுள்ள வெளியரண்கள் 1792இல்தான் நிறைவடைந்தன. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இந்த ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த யாழ்ப்பாணக் காட்சியையும் ஒரு சட்டகத்துக்குள் நிறுத்திவிடலாம். பால்டேயஸ் நூலில் கோட்டை நாற்கோணமாக இருப்பதால், அது டச்சுக் கொடி பறந்தாலும் போர்த்துக்கீசியர் கட்டிய யாழ்ப்பாணம். ஐங்கோணம் தெரிந்தால் 1680க்கு முந்தையது அன்று. ஐங்கோணத்தைக் காட்டிவிட்டு "1658 முற்றுகை" என்று தலைப்பிட்ட படம் கிடைத்தால், அது பிற்காலத்தவர் தம் காலத்துக் கோட்டையில் பழைய போரை நடத்திக் காட்டியது என்று கொள்ள வேண்டும்.

நாகப்பட்டினத்திலும் இதே முறை செல்லும். 1658 ஜூலையில் டச்சுக்காரர் பெற்றது போர்த்துக்கீசியர் வளர்த்த நகரத்தை. தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து 1690இல் இங்கே மாற்றினார்கள். அதற்குச் சற்று முன்பே, 1680களின் இறுதியில், "ஐம்புலன்கள்" என்று பொருள்படும் பெயரில் புதிய ஐங்கோணக் கோட்டை எழும்பியது. அந்தக் கோட்டை இல்லாத காட்சி முந்தைய நகரத்தைக் காட்டுகிறது என்று கொள்ள இடமுண்டு. ஊருக்கு வடக்கே ஒன்றிரண்டு மைல் தொலைவில் நின்ற மூன்றடுக்குச் செங்கற்கோபுரம் இன்னொரு குறி. சீனக் கோபுரம் என்று ஐரோப்பிய மாலுமிகள் அழைத்த அதைக் கடலிலிருந்து கரையை அடையாளம் காணப் பயன்படுத்தினார்கள். சிதைந்த நிலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்ற அக்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. நாகையின் பௌத்த வரலாற்றோடு தொடர்புடைய ஒரு கட்டடத்தைத் தேட இப்படங்களின் வலது ஓரமே சரியான இடம்: கடலிலிருந்து பார்க்கும்போது வடக்கு வலப்புறம் விழும். படத்தில் அது இடப்புறம் இருந்தால், மூலப்படம் அச்சில் இடவலமாக மாறியிருக்கிறதா என்று சோதியுங்கள். செப்புத்தகட்டில் வெட்டுவது அச்சில் இடவலம் மாறித்தான் விழும். கவனமான செதுக்குநர் கண்ணாடி வைத்து மாற்றி வெட்டுவார், அவசரக்காரர் அப்படியே வெட்டிவிடுவார்.

புதுச்சேரியில் இடைவெளி மிகக் கொடுமையாகத் தெரியும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பிறகு கோட்டையும் நகரின் பெரும்பகுதியும் தரைமட்டமாக்கப்பட்டன. 1765இல்தான் பிரெஞ்சுக்காரர் மீண்டும் வந்தனர். பாரிஸில் ழாக் நிக்கோலா பெல்லன் தம் ஐந்து தொகுதிக் கடல்வழி நிலப்படநூலை வெளியிட்டது 1764இல். ஆக, அதிலுள்ள கோட்டையோடு கூடிய அழகிய புதுச்சேரி, அச்சான நாளில் செங்கற்குவியலாகக் கிடந்தது.

படி 7: நகலின் குடிவழியைத் தேடுதல்

ஒரு காட்சியைத் தனியாகப் படிக்கக் கூடாது; அதன் முன்னோரைத் தேட வேண்டும். சென்னையின் மிகப் பரவலான பழைய காட்சியை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். புனித ஜார்ஜ் கோட்டையைக் கடலிலிருந்து காட்டும் அந்தத் தாளை ஜான் வான் ரைன் என்ற டச்சுக்காரர் வெட்ட, ராபர்ட் சேயர் 1754இல் லண்டனில் வெளியிட்டார். முன்னே சிவப்பு வெள்ளைக் கோடுகளுள்ள ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியுடன் பெருங்கப்பல்கள். அவற்றுக்கிடையே சிறு படகுகள். பின்னே நீண்ட மதில். மதிலுக்கு மேல் மாளிகைக் கூரைகளும் புனித மேரி தேவாலயக் கூம்பும். வான் ரைன் இந்தியாவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த தன் தலைமையகத்தில் மாட்டுவதற்காக, தன் குடியேற்றங்களின் ஆறு பெரிய ஓவியங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி வரையச் சொல்லியிருந்தது. நிலத்தை ஜார்ஜ் லாம்பர்ட்டும் கப்பல்களைச் சாமுவேல் ஸ்காட்டும் தீட்டினர். இருவருமே இந்தியாவைப் பார்த்தவர்கள் அல்லர்; கம்பெனியிடமிருந்த வரைபடங்களைப் பார்த்து வரைந்தார்கள். அந்த ஓவியங்களும் தகடாகி அச்சில் வந்தன. வான் ரைனின் காட்சி அவற்றைத் தழுவியது என்பதே பொதுவான கருத்து. ஆக, 1754 என்று பொறித்த தாளில் நாம் காண்பது 1730களுக்கு முந்தைய சென்னை.

இடையில் நடந்தது சிறிதன்று. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தனர். வடக்கு மதிலை ஒட்டி இந்தியர் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை அவர்கள் இடிக்க, மிச்சத்தைப் பின்னர் ஆங்கிலேயரே பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்று அகற்றினர். அந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை நீடித்தது. 1783க்குள் கோட்டை மதில் முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டது. முற்றுகையில் சேதமுற்ற தேவாலயக் கூம்புக்குப் பதில் இப்போதுள்ள கூம்பு 1795இல் எழுந்தது. இவற்றில் பெரும்பாலானவை நடந்து முடிந்த பின்னும் ஒரே தகடு அசையாமல் 1794இல் மறுபடி அச்சேறியது. வாங்கியவர்கள் அதைப் புதுத் தோற்றமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க டேனியல்களின் கோட்டைக் காட்சி நல்ல துணை. அவர்கள் 1792, 1793 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுற்றி, எதிரிலுள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டறைப் பெட்டியின் உதவியுடன் நேரில் வரைந்து, 1797இல் வெளியிட்டார்கள். மூன்று காலங்களும் ஐந்தாண்டுக்குள் அடங்கும் இத்தகைய தாள் அரிது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, எத்தனை பக்க விளக்கத்தையும்விட நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

பால்டேயஸின் தகடுகளும் இப்படியே பெருகின. 1704இல் லண்டனில் சர்ச்சில் சகோதரர்கள் வெளியிட்ட பயணத் தொகுப்பில் அவருடைய நூல் ஆங்கிலமானபோது காட்சிகள் புதிதாக வெட்டப்பட்டன. ஒவ்வொரு நகலிலும் ஏதேனும் குறையும்: ஒரு சிறு கூரை போகும், படகின் வடிவம் ஐரோப்பியப் படகாகும், எழுத்துக்குறி விளக்கம் சுருங்கும். பிழைகள் கூடிக்கொண்டே போகும் திசைதான் குடிவழியின் திசை.

படி 8: அலங்காரத்தைக் கழித்தல்

பிரவுன் தம் காட்சிகளின் முன்னால் அந்தந்த நாட்டு உடையில் மனிதர்களை நிறுத்தினார். மனித உருவத்தைத் தடைசெய்யும் மார்க்கத்தினரான துருக்கியர், உருவங்கள் இருப்பதால் இப்படங்களைப் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்று அவரே முன்னுரையில் காரணம் சொல்கிறார். அந்தக் காரணத்தை எவ்வளவு நம்புவது என்பது வேறு. ஆனால் முன்னணி உருவங்கள் ஊரிலிருந்து தனியே சேர்க்கப்பட்டவை என்பதை அது நமக்கு உறுதிப்படுத்துகிறது. குடை பிடித்த தலைவர், பல்லக்கு, யானை, அரைநிர்வாணப் படகோட்டி ஆகியவை பட்டறையின் கையிருப்பு உருவங்கள். ஒரே யானை பல ஊர்களில் நடமாடும்.

மரங்களையும் மலைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பனையைப் பார்த்திராத செதுக்குநர் பனை, தென்னை, ஈச்சை மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார். யாழ்ப்பாணத்துக் காட்சியில் விசிறிமட்டை தெளிவாகத் தெரிந்தால், மூலப்படம் அங்கேயே வரையப்பட்டது என்று ஓரளவு நம்பலாம். தட்டையான கரைக்குப் பின்னால் மலைத்தொடர் எழுந்தால் அது பெரும்பாலும் வெற்றிடத்தை நிரப்பியது. இதற்கு மாறாக, கரையருகே ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகும், மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்த கட்டுமரமும் சரியாக வரையப்பட்டிருந்தால் கவனியுங்கள். துறைமுகம் இல்லாத இக்கரையில் அலையைக் கடந்து ஆளும் சரக்கும் இறங்கியது அவற்றில்தான், அதை அறிந்தவர்தான் வரைந்திருப்பார்.

படி 9: தமிழ்ச் சான்றுகளோடு சேர்த்துப் படித்தல்

ஐரோப்பியத் தாளை ஐரோப்பிய ஆவணத்தோடு மட்டும் ஒப்பிடுவது பாதி வேலை. புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்கி அவர் இறந்த 1761 வரை நீளும் அது, தெரு, வாசல், பண்டசாலை என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் நொந்து பதிவு செய்கிறார். அந்தக் கோயில் குறிக்கப்பட்ட நகரப்படம் அதற்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது என்று அதன்மூலம் அறிகிறோம். தமிழரை ஐரோப்பியர் அழைத்த பெயரால், படத்தில் "மாலபார் தெரு" என்று மொட்டையாகக் குறித்த பகுதிக்குள் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதும் நாட்குறிப்பில்தான் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்கு டச்சுக்காலத் தோம்பு என்னும் நிலப்பதிவேடுகளும், அக்காலத்திலேயே மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் இவ்வகையில் உதவும். கோட்டையைப் பற்றி அறியத் தாள் போதும். ஊரைப் பற்றி அறிய இவை வேண்டும்.

படி 10: தாளையும் வண்ணத்தையும் சோதித்தல்

தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால், நெருக்கமான மெல்லிய கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே விரல் அகல இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிய வேண்டும். கம்பிச் சல்லடையில் வடித்த பழைய தாளின் இயல்பு அது. கோடுகள் இல்லாத வழவழப்பான தாள் 1757 அளவில் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1800க்குப் பின்னரே பரவலாயிற்று. ஆகவே 1672ஆம் ஆண்டு நூலின் தாள் என்று சொல்லி அத்தகைய தாளைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். 1794க்குப் பின் ஆங்கிலத் தாள்கள் பலவற்றின் நீர்க்குறியில் ஆண்டே இருக்கும். நீர்க்குறியின் ஆண்டுக்கு முன் அந்தத் தாள் அச்சாகியிருக்க முடியாது. பின் எத்தனை ஆண்டு கழித்தும் அச்சாகியிருக்கலாம்.

வண்ணம் தனிக்கதை. பிரவுன் தொகுப்பின் பிரதிகளுக்கு அக்காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டியதுண்டு. செம்புக்களிம்பால் ஆன பழைய பச்சை, நாளடைவில் தாளை அரித்துப் பின்புறத்தில் பழுப்பாகக் கசியும். தாளைத் திருப்பிப் பார்த்து, வயலும் மரமும் இருந்த இடங்களில் பழுப்பு நிழல் தெரிந்தால் வண்ணம் பழையது. டச்சுப் பயணநூல்களின் தகடுகள் பெரும்பாலும் கறுப்பு மையில் மட்டும் வெளிவந்தவை. நாகப்பட்டினத்தின் பளிச்சென்ற வண்ணப்படம் கிடைத்தால் அது அண்மையில் யாரோ தீட்டியது என்றே கொள்ளலாம். என்னைக் கேட்டால், வண்ணமில்லாத தாளே மேல். தகட்டின் கோடுகள் தெளிவாகத் தெரியும், விலையும் குறையும்.

படி 11: பதிவு, பாதுகாப்பு, சட்டம்

ஆய்ந்து முடித்ததும் குறிப்பைக் கீழ்க்காணும் வரிசையில் எழுதி வையுங்கள்: ஊர், காட்சி நோக்கும் திசை, மூலப்படத்தின் காலம், தகடு வெட்டியவரும் ஆண்டும், இத்தாளின் வெளியீட்டாளரும் ஆண்டும், நூலும் பக்கமும், தகட்டுத் தடத்தின் அளவு மில்லிமீட்டரில், தாளின் வகை, வண்ணம். மேலே பேசிய சென்னைக் காட்சிக்கு, "மேற்கு நோக்கிய கடற்காட்சி, 1730களுக்கு முந்தைய நிலை, தகடு வான் ரைன், 1754, இத்தாள் 1794 மறுபதிப்பு" என்று எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டுவதும் செலோடேப் ஒட்டுவதும் தாளைக் கொல்லும். அமிலமற்ற அட்டையில் தளர்வாக வைத்து, வெயில் படாத உட்சுவரில், சுவரைத் தொடாமல் மாட்ட வேண்டும். கரையோர ஈரத்தில் பழுப்புப் புள்ளிகளும் வெள்ளிப்பூச்சியும் வரும் என்பதால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சட்டத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது. தொல்பொருள் வணிகம் செய்ய உரிமமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொண்டுவந்த தாளாயினும், பின்னாளில் அதை எடுத்துச் செல்ல நேரலாம் என்றால், வாங்கிய ரசீதையும் இறக்குமதிச் சான்றையும் தாளோடு சேர்த்தே வைத்திருங்கள்.